இருநூற்றுப் பதினான்காவது முறை

கஸ்பார் மோத்தாவைத் தூக்கிலிட்டு இருபத்து மூன்று வருடங்கள் கழித்து, அவரிடம் பேச வரும்படி அவருடைய மகளுக்கு அழைப்பு வந்தது.

மகள் பெயர் பிலோமினா. வீட்டில் மினி. சங்குமுனை மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் செவிலியர். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பங்களும் அப்பா பெயரைக் கேட்டதும் வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போயின. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

அப்பா பெயரை அறியாதவர்கள் நாட்டிலேயே கிடையாது. சங்குமுனைக் கடலுக்கடியில் தாது தோண்டும் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தைத் தொடங்கிவைக்க வந்த ஜனாதிபதி கரேகர், துறைமுகத் திடலில் பேசிக்கொண்டிருந்தபோது மேடை வெடித்தது. ஜனாதிபதியோடு சேர்த்துப் பதினொரு பேர் செத்தார்கள். குண்டு இருந்தது ஒலிபெருக்கிப் பெட்டிக்குள். அந்தக் கூட்டத்துக்கு மைக் செட் போட்டவர் கஸ்பார். பிடித்த ஒன்பதாம் நாள் ஒப்புக்கொண்டார். "நான்தான் வச்சேன். தனியா வச்சேன்." நான்கு வருடத்தில் தூக்கு.

தனியாக என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மைக் கட்டுகிற ஆளுக்கு அப்படிப்பட்ட குண்டு எங்கிருந்து கிடைத்தது? மோப்ப நாய்களை அன்று காலை எட்டு மணிக்கே ஏன் திருப்பி அனுப்பினார்கள்? வெடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மத்திய அமைச்சர் ஒருவர் மேடையை விட்டு ஏன் இறங்கினார்? இரண்டு விசாரணைக் கமிஷன்கள் உட்கார்ந்து எழுந்தன. புத்தகங்கள் வந்தன. வெளிநாட்டுச் சதி என்றார்கள், துணை ஜனாதிபதியின் சதி என்றார்கள். டீக்கடையில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது சதி ஒன்று பிறந்தது.

பிலோமினாவுக்கு ஒரே கட்சிதான். அப்பா நிரபராதி. பதினேழு வயதிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாகர்கோவிலிலும் மும்பையிலும் டெல்லியிலும் பேசினாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் அம்மா லூர்தம்மாள் கூட வந்து, மேடையின் ஓரத்து நாற்காலியில் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அழைத்தவர் மூன்றாவது விசாரணை ஆணையத்தின் செயலர் ஆதிமூலம். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. மதுரையில் வைகைக்கு வடகரையில், பழைய நூற்பாலை ஒன்றின் கிடங்கை ஆணையத்துக்கு எடுத்திருந்தார்கள். பிலோமினா போய் உட்கார்ந்ததும் அவரே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"உங்கப்பாவைக் கைது பண்ணின பத்தாம் நாள் காலையில, அவர் மூளையை முழுசாப் பதிவு எடுத்தாங்க. பொய் சொல்றாரான்னு கண்டுபிடிக்கன்னு எடுத்தது. அப்ப அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியலீங்க. பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க. இப்ப மூணு வருசமா அதை எழுப்ப முடியுது."

"எழுப்புததுன்னா?"

"அந்தக் காலையில இருந்த மாதிரியே அவர் முழிச்சுக்குவார். பேசுவார், கேட்பார். அவரைப் பொறுத்தவரைக்கும் அது பத்தாம் நாள் காலை. நடுவுல போன வருசம் எதுவும் அவருக்குத் தெரியாதுங்க."

பிலோமினாவுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. தம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

"அதான் பதிவு இருக்கே. அதுல என்ன இருக்குன்னு படிச்சுக்கிட வேண்டியதுதானே? எதுக்கு எழுப்பணும்?"

"படிக்கத் தெரியாதுங்க எங்களுக்கு. உலகத்துல யாருக்கும் தெரியாது. எழுப்ப மட்டும்தான் தெரியும். அவரா வாய் திறந்து சொன்னாத்தான் உண்டு. அதுவும் நாப்பது நிமிசம். அதுக்கு மேல ஓடுனா பேச்சு குளற ஆரம்பிச்சு, எல்லாம் கலைஞ்சு போயிருது. நிறுத்திட்டு மறுபடி முதல்லருந்துதான்."

"இதுவர எத்தன தடவ எழுப்பியிருக்கீங்க?"

ஆதிமூலம் மேசை மேலிருந்த கோப்புக்கட்டை நேராக்கி வைத்தார். "இருநூத்திப் பதிமூணு."

பிலோமினா தம்ளரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். அவர் தொடர்ந்தார்.

"ஒவ்வொரு திங்கக்கிழமையும், சில வாரம் ரெண்டு மூணு தடவையும். எல்லாத் தடவையும் ஒரே பதிலுங்க. நான்தான் வச்சேன், தனியா வச்சேன். வார்த்தை மாறாது. குண்டு எப்படி இருந்துச்சு, என்ன நிறம், எந்தப் பக்கம் ஒயரு, எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியலை. வெச்ச ஆளுக்குத் தெரியாம இருக்குமுங்களா? யாரு குடுத்தாங்கன்னு கேட்டா வாயை மூடிக்கிறார். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்பார். எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலியேன்னு."

"வலிக்குமா அவருக்கு?"

"அன்னைக்கு இருந்த வலி இருக்குமுங்க."

அன்றைக்கு என்ன வலி இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். பேசி முடித்ததும் அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். ஆதிமூலம் சட்டப்புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தையே காட்டினார். கேள்விக்கு விடை கிடைக்கிறவரைதான் பதிவை வைத்திருக்கலாம். விடை கிடைத்துவிட்டால், நெருங்கிய உறவினர் எழுதிக் கேட்டால் அழித்தாக வேண்டும். இருபத்தைந்து வருடம் தாண்டிய வழக்கு என்பதால் யார் பெயர் வெளியே வந்தாலும் தண்டனை கிடையாது. ஆணையத்துக்கு வேண்டியது உண்மை மட்டும்.

"அவர் நிரபராதின்னு அவர் வாயாலயே வந்துட்டா, நீங்க இத்தனை வருசம் பேசினதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமுங்களா?" என்றார்.

அந்த வார்த்தைதான் அவளைச் சம்மதிக்க வைத்தது.

அறையில் ஒரு நாற்காலி, ஒரு கேமரா, சுவர் அகலத்துக்கு ஒரு திரை; பக்கவாட்டில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஆணையத்தார். திரை வெளுத்து, ஒரு மேசை தெரிந்து, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தெரிந்தார்.

அவள் வீட்டில் மாலை போட்ட படத்தில் இருக்கும் அப்பாவுக்கு வயதே தெரியாது. படத்தில் இருந்ததால் பெரியவர், அவ்வளவுதான். திரையில் இருந்தவருக்கு முப்பத்தெட்டு வயது. மருத்துவமனையில் அவளோடு வேலை பார்க்கும் ஆண் செவிலியர்களில் பாதிப் பேருக்கு அந்த வயது இருக்கும். கண் வீங்கி, உதடு கிழிந்திருந்தது. வலது கையை இடது அக்குளுக்குள் இறுக்கி வைத்திருந்தார். செவிலியரான அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. விரல்களை உடைத்திருக்கிறார்கள்.

"மேடம், நீங்க வக்கீலா?" என்றார். "நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே. இன்னும் எதுக்கு?"

"அப்பா," என்றாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "நான் மினிப்பா," என்றாள்.

அவர் முகம் கல்லாகிவிட்டது. "எம் பிள்ளைக்கு ஒம்பது வயசு. இப்படியெல்லாம் ஆளக் கூட்டியாந்து நடிக்க வைக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பிலோமினா முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோவாயை நிமிர்த்தினாள். அடியில் ஒரு தழும்பு. "நம்ம வேன்லருந்து விழுந்தேன். ஆலந்தலையில ஒரு கல்யாண வீடு. நீங்க காப்பித்தூளை வச்சு அமுக்கிட்டு, அம்மாகிட்ட சைக்கிள்காரன் இடிச்சிட்டான்னு சொன்னீங்க. நிசத்தச் சொன்னா அம்மா உன்னய இனிமே என்கூட அனுப்ப மாட்டான்னு சொன்னீங்க. நான் இன்னைக்கு வரைக்கும் அம்மாட்ட சொல்லல."

அவர் அந்தத் தழும்பைப் பார்த்தார். அக்குளிலிருந்து கையை எடுத்து, கோணிப்போன விரல்களோடு மேசைக்கு மேலே நீட்டினார். கை திரையின் விளிம்புவரை வந்து நின்றது.

"ஏட்டி," என்றார். "எவ்வளவு பெருசாயிட்ட. உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறுப்பா."

"அப்ப நான்?"

அவள் குனிந்துகொண்டாள்.

"தூக்கா?"

தலையை ஆட்டினாள். அவர் "சரி," என்றார். பக்கத்துத் தெருவில் கூட்டம் ரத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டவர் மாதிரி. பிறகு அவசரமாக நிமிர்ந்தார். "அம்மா?"

"இருக்காவப்பா. நல்லா இருக்காவ. கொஞ்சம் மூட்டு வலி."

"யாரும் வந்து அவளப் புடிச்சுட்டுப் போகலியே?"

"இல்லியேப்பா."

"இருவத்தேழு வருசமா?" அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வீங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, சிரித்தார். "ஒருத்தர்ட்டயும் வாயத் தொறக்கலியா அவ? அப்ப சரி. நான் பயந்துகிட்டே கிடந்தேன்ட்டி. அவளால தாங்க முடியாது, ஓடிவந்து நான்தான்னு சொல்லிருவான்னு. நீ அனாதையாயிருவேன்னு. கெட்டிக்காரி, உன்னய வளத்துட்டா…"

பிலோமினாவின் முகம் மாறுவதை அவர் பார்த்தார். பேச்சு நின்றது.

"உனக்குத் தெரியாதா?" என்றார் மெல்ல.

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அது அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையைச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தார். உடைந்த கையைத் திரும்ப அக்குளுக்குள் செருகிக்கொண்டார். குரல் உயர்ந்தது.

"ஐயா, நான் ஒண்ணும் சொல்லல! எழுதிக்கோங்க. நான்தான் வச்சேன். தனியா வச்சேன். எம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் வச்சேன். தனியா வச்சேன்…"

நாற்பது நிமிடம் முடிகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நிமிடம் வார்த்தைகள் குளறின. பிறகு திரை வெளுத்தது.

வராந்தாவில் ஆதிமூலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெளியே வைகையில் தண்ணீர் இல்லை. யாரோ மணலில் துணி காயப் போட்டிருந்தார்கள்.

"இருநூத்திப் பதிமூணு தடவ அவர்கிட்ட வாங்க முடியாதத நான் பத்து நிமிசத்துல வாங்கிக் குடுத்துட்டேன்," என்றாள் பிலோமினா. "அடிச்சு வாங்க முடியல. மகளக் கூட்டியாந்து வாங்கிட்டீங்க."

"இப்படி வருமுன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா. அவர் நிரபராதின்னு சொல்லுவார்னுதான் நானும் நெனச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் பேசுனது ரெக்கார்டு ஆயிடுச்சுங்கம்மா. இனி அந்தப் பேச்சை நான் அழிக்க முடியாது. அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சாகணும். எழுத்து வேலை இருக்குது, வியாழக்கிழமை ஆயிரும். அதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்குப் போங்க."

மறுநாள் முற்பகல் பிலோமினா வீட்டுக்குள் நுழைந்தபோது லூர்தம்மாள் அடுப்படியில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதுதான், பார்க்க எண்பது மாதிரி இருப்பாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தவள், அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள்.

"அப்பாவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சாப்புட்டாவளா அவிய?"

பிலோமினாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீயாம்மா வச்ச?"

லூர்தம்மாள் கையைச் சட்டியில் அலம்பினாள். துடைத்தாள். மறுக்கவில்லை. இந்தக் கேள்விக்காக எத்தனையோ வருடமாகக் காத்திருந்தவள் போல, எங்கும் தடுமாறாமல் சொன்னாள்.

"உங்க சேவியர் மாமன் அந்தக் கடலடி நெலையத்துக்குள்ள செத்தான்லா, பதினேழு பேரோட. தண்ணி உள்ள வந்ததும் கதவ அடைக்கச் சொல்லி மேலருந்து உத்தரவு. நாப்பது நிமிசம் உயிரோட இருந்திருக்கானுவ. ரேடியோவுல பேசியிருக்கானுவ. அதை அரசாங்கம் வெளிய விடல. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுட்டாவ. ஒருநாள் ஒரு ஆளு வந்தான். முங்குற தொழிலாளர் சங்கத்துலருந்து வாரேன், எம்பேரு ஜோதின்னான். ஒரு சின்னப் பெட்டி குடுத்தான். இதுல அவங்க கடைசியாப் பேசுனது இருக்கு, ஜனாதிபதி பேசும்போது மைக்கு வழியா இது பேசும், நாடே கேக்கும்னான். உங்க அப்பா டீ குடிக்கப் போன நேரத்துல பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வச்சிட்டேன். அவிய மூடித் திருகிட்டாவ."

"தெரியாமயா செஞ்ச? குண்டுன்னு தெரியாதா?"

"தெரியாதுட்டி. சேவியர் குரலக் கேக்கலாம்னு கூட்டத்துல முன்னாடி போயி நின்னேன். எம் தம்பி என்ன சொல்லிச் செத்தான்னு எனக்குத் தெரியணும்லா." அவள் தன் கையைப் பார்த்தாள். "நின்னு காத்துக்கிட்டு இருந்தேன். அப்பதான் வெடிச்சது. உங்க அப்பா தூரத்துல வேன்கிட்ட நின்னு என்னயவே பாத்தாவ. என் மொகத்தப் பாத்ததும் அவியளுக்குப் புரிஞ்சுட்டு."

"நான் ஊரு ஊராப் போயி எங்க அப்பா நிரபராதின்னு கத்தும்போது, நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியேம்மா! உன்னால எப்படி முடிஞ்சது?"

"நீ சொன்னது நெசந்தானே," என்றாள் லூர்தம்மாள். "அதைக் கேக்கதுக்குத்தான் வந்தேன். என்னால சொல்ல முடியல. நீயாவது சொன்ன."

ஜெயிலில் அவரைப் பார்க்க ஒரே ஒருமுறைதான் அவளை விட்டார்களாம். ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதாளாம். "ரெண்டு பேரையும் தூக்குல போடுவான். பிள்ளயப் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு, கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

பிலோமினா மீன்குழம்பைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு படுக்கையாகப் போய் இயந்திரத்தின் எண்களைக் குறித்தாள். ஓர் எண்ணைத் தப்பாகக் குறித்து, நோயாளியே திருத்தினார். இருட்டும் முன்னால் வீடு திரும்பியபோது, லூர்தம்மாள் வெள்ளைச் சேலை உடுத்தி, ஒரு துணிப்பையில் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவனுவ வந்து கூட்டிட்டுப் போக வேண்டாம். நானே வாரேன். அங்க அவியளப் பாக்க விடுவாங்களா?"

புதன்கிழமை காலை முதல் பேருந்தில் போனார்கள். லூர்தம்மாள் ஆணையத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் பேசினாள். மகளிடம் சொன்னதையே சொன்னாள். பெட்டியின் நிறம் சாம்பல், ஒரு பக்கம் சிவப்பு ஒயர் இரண்டு என்றாள். தடயவியல் அறிக்கையில் இருபத்தேழு வருடமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த விவரம் அது. ஆதிமூலம் பேனாவை மூடினார். வைத்தது யார் என்ற கேள்வி முடிந்துவிட்டது.

பெட்டியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி அந்த நிமிடம் பிறந்தது. தொழிலாளர் சங்கத்தில் ஜோதி என்று யாரும் இருந்ததே இல்லை. அன்றைக்கு அந்த ஊரில் இருந்த அதிகாரிகள், காவலர்கள், கட்சிக்காரர்கள் என்று நாலாயிரம் படங்களை அவள் முன்னால் ஓட்டினார்கள். முந்நூறாவது படத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "எல்லா மூஞ்சியும் ஒண்ணு மாதிரி இருக்குய்யா. நாளாயிட்டு," என்றாள்.

மதியத்துக்குமேல் கஸ்பாரை எழுப்பினார்கள்.

பிலோமினா கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். திரையில் அவர் முழித்து, எதிரே ஒரு கிழவி நிற்பதைப் பார்த்தார். இரண்டு நாள் முன்னால் மகளைப் பார்த்து அழுதது எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது.

"உக்காருங்க பாட்டி. ஏன் நிக்கீங்க? உங்களையும் புடிச்சிட்டு வந்துட்டானுவளா?"

லூர்தம்மாள் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நான்தான் லூர்து என்று சொல்லுவாள் என்று பிலோமினா காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரி என்னய அனுப்பினா, தம்பி," என்றாள். "அவளும் பிள்ளயும் சொகமா இருக்காங்க. யாரும் அவளத் தேடல. கேஸ் முடிஞ்சிட்டு. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"நெசமாவா?"

"எம் பிள்ள மேல சத்தியம்."

கஸ்பார் நாற்காலியில் சாய்ந்தார். பத்து நாளில் முதல்முறையாகச் சாய்ந்திருப்பார். "கொஞ்சம் தூங்கிக்கிடட்டுமா பாட்டி?" என்று கேட்டார். கண்ணை மூடினார். லூர்தம்மாள் அந்த மீதி அரைமணி நேரமும் அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை வெளுத்தபோது அவர் குளறவில்லை.

அதன்பின் பிலோமினாவை ஓர் அறைக்குக் கூட்டிப்போய்த் தாள்களை நீட்டினார்கள். அவள் கேட்டது அதுதான். கஸ்பார் மோத்தாவின் பதிவை அழிக்க நெருங்கிய உறவினரின் வேண்டுகோள். நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆதிமூலம் அவளைக் கூடவே அழைத்துப் போய், எதிரிலேயே அழித்தார். சின்னதாக ஒரு விளக்கு அணைந்தது. "இனி யாராலயும் அவரை எழுப்ப முடியாதுங்க," என்றார். அவள் கும்பிட்டாள். இருபத்தேழு வருடத்தில் அப்பாவுக்காக அவள் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

திரும்பி வரும் பேருந்தில் லூர்தம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியின் இரண்டு ஓரத்திலும் பசை ஒட்டிய வட்டமான தடம் இருந்தது. பிலோமினா அருப்புக்கோட்டை தாண்டித்தான் அதைக் கவனித்தாள்.

"இது என்னம்மா?"

"நீ அந்த ரூம்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேல்லா, அப்ப என்னயும் பதிவு எடுத்தாங்க. அந்த ஜோதி மூஞ்சி எனக்குள்ள எங்கயாவது கெடக்கும், நாப்பது நாப்பது நிமிசமாப் படங்களக் காட்டிக் கேட்டுக்கிடலாம், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. இஷ்டம் இருந்தாத்தான், கட்டாயமில்லைன்னிச்சு. நான்தான் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன்."

"ஏம்மா? எதுக்கும்மா சொன்ன?"

"அவிய அங்க தனியால்லாட்டி கெடக்காவ." லூர்தம்மாள் வெளியே பார்த்தாள். அவள் முகத்தில் பிலோமினா இதுவரை கண்டிராத ஓர் அமைதி இருந்தது. "இன்னைக்கு எம்மூஞ்சி அவியளுக்கு அடையாளம் தெரியல. பரவால்ல. அங்க போயிட்டா ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருப்போம்லா. மெல்லத் தெரிஞ்சுக்கிடுவாவ. நான் மன்னிப்புக் கேக்கணும்ட்டி அவியகிட்ட. எனக்கு வேற எங்க போயிக் கேக்க?"

பேருந்து ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. பிலோமினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விளக்கு அணைந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டாள்.

ஊருக்குள் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கோயிலில் லூர்தம்மாள் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் எழுந்து போனார்கள். புருசனைத் தூக்கில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவள் என்று மீன்காரிகூடப் பேச்சை நிறுத்தினாள். கஸ்பாருக்காகக் கூட்டம் போட்டவர்கள் பிலோமினாவை அழைப்பதை விட்டார்கள். புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியது. ஜோதி யார் என்பது அவர்களுடைய கேள்வி. லூர்தம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், மூட்டு வலியைக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆதிமூலத்திடமிருந்து போன் வந்தது. பிலோமினாவுக்கு அன்று மதிய வேலை, வீட்டில்தான் இருந்தாள். அடுப்படியில் லூர்தம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்கம்மா பதிவை இப்பத்தான் எழுப்பினோமுங்க," என்றார். குரல் சரியாக இல்லை. "படம் எதையும் பார்க்க மாட்டேங்கறாங்க. முழிச்சதுலருந்து ஒரே கேள்வி. அவிய எங்க, எப்ப வருவாவன்னு. கதவையே பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. அழிச்சுட்டோம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. இன்னும் முப்பது நிமிசம் இருக்குது. என்ன சொல்லட்டுமுங்க?"

"அழிச்சிருங்க," என்றாள் பிலோமினா தாழ்ந்த குரலில். "இதையும் அழிச்சிருங்க. நான் எழுதித் தாரேன்."

"முடியாதுங்கம்மா. விடை கிடைக்கலியே. சட்டம் விடாதுங்க."

"யாருட்டி போன்ல?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஆஸ்பத்திரியிலருந்தும்மா."

பிலோமினா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. மறுமுனையில் ஆதிமூலம் காத்திருந்தார். அவருக்குப் பின்னால், எங்கோ தள்ளி, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

"வந்துக்கிட்டு இருக்காவன்னு சொல்லுங்க," என்றாள்.